தேங்காய் எண்ணெயும் இடைக்கதவும்

வெளிநாட்டு விடுதியில் தங்கப் போய் ஏமாந்து திரும்பிய குடும்பத்தின் கதையைக் கேட்கும்போது நாம் கொஞ்சம் அனுதாபப்படுவோம், கொஞ்சம் சிரிப்போம், "போன இடத்தில் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவோம். பஸ்ஸில் தொலைந்த பையைப் பற்றியோ, ஒழுகும் வீட்டைக் கட்டிக்கொடுத்த கொத்தனாரைப் பற்றியோ பேசும்போது நாம் அப்படிச் சொல்வதில்லை. அது நட்டம், இது மனக்குறை என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கோடு தப்பான இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்பதே என் கட்சி. விடுமுறையில் வந்த ஏமாற்றம் பணத்தால் ஈடுசெய்யத்தக்க நட்டம்தான். அது பணம் கட்டியவருக்கு மட்டுமல்லாமல் கூடப் போன ஒவ்வொருவருக்கும் ஏற்படும் நட்டம். ஆனால் எல்லா ஏமாற்றத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எதைச் சேர்க்கலாம், எதைத் தள்ளலாம் என்று பார்க்க ஒரு பழைய வழக்கை எடுத்துக்கொள்கிறேன். வழக்கு நடந்தது லண்டனில். சம்பவம் நடந்தது நமக்குப் பக்கத்தில், இலங்கையின் மேற்குக் கரையில்.

1970-ஆம் ஆண்டின் கடைசியில் ஓர் ஆங்கிலேயர், தொழிலில் நன்றாகச் சம்பாதித்த இளைஞர், குடும்பத்தோடு நான்கு வாரம் இலங்கைக்குப் போகத் திட்டமிட்டார். மூன்று வயதில் இரட்டைப் பையன்கள் இருந்தார்கள். கொழும்புக்கு வடக்கே ஹெந்தலையில் அப்போது கட்டிக்கொண்டிருந்த பெகாசஸ் ரீஃப் என்ற விடுதியை ஒரு பயண நிறுவனத்தின் மூலம் பதிவு செய்தார். பதிவு செய்யும்போதே ஒரு கடிதம் எழுதினார். பிள்ளைகளின் அறைக்கும் தங்கள் அறைக்கும் நடுவே கதவு இருக்க வேண்டும், அது இல்லாத தனி அறை எந்த நிலையிலும் வேண்டாம் என்பது அதில் முதல் நிபந்தனை. பால்கனி கடலைப் பார்த்திருக்க வேண்டும், ஒவ்வொரு வேளையும் பல உணவுகளில் தெரிந்தெடுக்க வசதி வேண்டும் என்றெல்லாம் பட்டியல் நீண்டது. முன்பதிவுப் படிவத்திலேயே இடைக்கதவு அவசியம் என்று குறித்துக்கொண்டார்கள். ஜனவரி நடுவில், விடுதி இன்னும் கட்டி முடியவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பதிலாக நீர்கொழும்பில் வேறொரு விடுதியைத் தருவதாகச் சொன்ன நிறுவனம் 1,432 பவுண்டு கட்டணத்தை 1,200 ஆகக் குறைத்தது. நீச்சல் குளம், மினி கோல்ஃப், அழகு நிலையம், அறைதோறும் குளியல் தொட்டி என்று புதிய விடுதியின் விளம்பரமும் சொன்னது. அவர் தயங்கினார்; எதிர்பார்த்தபடியே இருக்கும் என்று உறுதி சொன்னார்கள்.

போய் இறங்கியபோது இடைக்கதவு இல்லை. பிள்ளைகளின் அறைச் சுவரில் பூஞ்சணம் பிடித்து அடிப்பக்கம் கறுத்துக் கிடந்தது. கழிவறையில் கறை, ஷவரில் அழுக்கு, குளியல் தொட்டி கிடையாது. அந்த அறையில் பிள்ளைகளைப் படுக்கவைக்க மனம் வராமல் முதல் மூன்று நாள் நால்வரும் ஒரே அறையில் முடங்கினார்கள்: ஒருவர் படுக்கும் கட்டிலில் இரண்டு பையன்கள், அதே போன்ற இன்னொரு கட்டிலில் பெற்றோர். பிறகு மாற்றிக்கொடுத்த அறைத்தொகுதியிலும் பிள்ளைகள் முன்கூடத்தில்தான் படுத்தார்கள். விரிப்பு அழுக்கு. நீச்சல் குளமும் இல்லை, கோல்ஃபும் இல்லை. சாப்பாட்டில் தெரிவு கிடையாது. எப்போதாவது மாற்றாகக் கறிக்குழம்பு வந்தது. எல்லாம் தேங்காய் எண்ணெயில் சமைத்ததுபோல் இருந்தது, அந்த வாடை எதிலும் விலகவில்லை என்பதும் அவர் சொன்ன குறைகளில் ஒன்று. இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, கட்டட வேலை நடந்துகொண்டிருந்த பெகாசஸ் ரீஃபுக்கே மாறி, மீதி நாளைக் கழித்து ஊர் திரும்பினார்கள். பிறகு வழக்கு. ஜாக்சன் எதிர் ஹொரைசன் ஹாலிடேஸ் என்று 1975-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்புகளில் அது அச்சாகியிருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதற்கு முன்னால் ஆங்கிலச் சட்டம் இப்படிப்பட்ட குறைகளை எப்படிப் பார்த்தது என்று தெரிந்துகொண்டால்தான் இதன் கனம் விளங்கும். 1875-இல் ஒரு வழக்கு. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள், விம்பிள்டனிலிருந்து ஹாம்ப்டன் கோர்ட்டுக்கு நள்ளிரவு ரயிலில் டிக்கெட் வாங்கி ஏறினார்கள். ரயில் அவர்களை ஈஷரில் கொண்டுபோய் இறக்கியது. வண்டி கிடைக்கவில்லை, தங்க இடமும் கிடைக்கவில்லை. தூறலில் நான்கைந்து மைல் நடந்து விடியற்காலை மூன்று மணி வாக்கில் வீடு சேர்ந்தார்கள். மனைவி சளி பிடித்துப் படுத்துவிட்டார். நடந்த சிரமத்துக்கு ஜூரிகள் கொடுத்த 8 பவுண்டை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மனைவியின் நோய்க்குக் கொடுத்த 20 பவுண்டை வெட்டிவிட்டது. கால் வலித்தால் கணக்கு, மனம் நொந்தால் கணக்கில்லை என்பது அன்றைய பொது விதி. ஏறக்குறைய நூறாண்டு அந்த விதி அசையவில்லை.

அதை அசைத்தது இன்னொரு விடுமுறை வழக்கு. 1969 கிறிஸ்துமஸுக்கு சுவிட்சர்லாந்தின் மோர்லியால்ப் என்ற மலையூருக்கு ஒரு வழக்கறிஞர் தனியாகப் போனார். இரண்டு வாரம், 63 பவுண்டு 45 பென்ஸ். கலகலப்பான விருந்தினர் கூட்டம், உள்ளூர்ப் பாட்டு நிகழ்ச்சி, ஆங்கிலம் பேசும் உரிமையாளர், மாலையில் தேநீரும் கேக்கும் என்று விளம்பரப் புத்தகம் சொல்லியிருந்தது. முதல் வாரம் பதின்மூன்று பேர். இரண்டாம் வாரம் அவர் ஒருவரே கூட்டம். உரிமையாளருக்கோ ஆங்கிலம் தெரியாது. பாடகர், வேலையிலிருந்து அப்படியே வந்த ஓர் உள்ளூர்க்காரர். வேலை உடுப்போடு நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போனார். கேக் என்று வந்தது உருளைக்கிழங்கு வறுவலும் காய்ந்த கொட்டைப் பண்டமும். கீழ் நீதிமன்றம் கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தந்தது. 1972-இல் மேல்முறையீட்டில் டென்னிங் பிரபுவும் உடனிருந்த நீதிபதிகளும் 125 பவுண்டு கொடுத்தார்கள், அதாவது கட்டியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கட்டணத்துக்கு மேல் ஒரு காசு கொடுத்தாலும் அது அறைக்கும் சோற்றுக்கும் உரிய விலையாக இருக்க முடியாது. போன மகிழ்ச்சிக்கு விலை போட்டாயிற்று என்று அர்த்தம்.

இந்தக் கணக்கு சரிதானா? சரி என்பதற்கு என் காரணம் எளிமையானது. மகிழ்ச்சியை விற்கிறேன் என்று சொல்லிப் பணம் வாங்கியவர், மகிழ்ச்சிக்கு விலை இல்லை என்று பிறகு சொல்ல முடியாது. சிமெண்ட் வியாபாரி வீட்டுக்காரரின் பூரிப்பை விற்பதில்லை. மூட்டை எடை குறைந்தால் எடைக்குப் பணம் தந்துவிட்டுப் போகலாம். பயண விளம்பரத்தைப் புரட்டிப் பாருங்கள்: படுக்கையின் அளவைப் பற்றி ஒரு வரி, கடற்காற்றையும் பிள்ளைகளின் குதூகலத்தையும் பற்றிப் பத்து வரி. விலையை ஏற்றுவது அந்தப் பத்து வரிதான். தவிர, ஒரு குடும்பம் இப்படி ஒன்றாகப் போகக்கூடிய நாட்கள் மிகக் குறைவு. பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு, கைக்குழந்தையின் உடல்நிலை, பாட்டியின் சம்மதம் எல்லாம் ஒரே வாரத்தில் கூடிவர வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்த வாரம் திரும்பாது. நட்டத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

இனி, நட்டம் யாருடையது என்ற கேள்வி. நீர்கொழும்பு வழக்கின் உயிர்நிலை இதுதான். நிறுவனம் தன் தவறை ஒப்புக்கொண்டுவிட்டது. தொகை அதிகம் என்பது மட்டுமே அதன் வாதம். விசாரணை நீதிபதி 1,100 பவுண்டு கொடுத்திருந்தார். ஒப்பந்தம் போட்டவர் தந்தை ஒருவரே. மனைவியும் பிள்ளைகளும் பட்ட அவதிக்கு அவர் எப்படிப் பணம் கேட்கலாம்? அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பவருக்கு அதில் உரிமை இருக்கவில்லை. மேல்முறையீட்டில் டென்னிங் இதைச் சுற்றி வளைக்காமல் எதிர்கொண்டார். நண்பர்களுக்காக உணவகத்தில் விருந்துக்குச் சொல்லி வைப்பவரையும், தேவாலயப் பாடகர் குழுவுக்காக வண்டி அமர்த்தும் பாதிரியாரையும் உதாரணம் காட்டினார். சொல்லி வைத்தவர் ஒருவர். அனுபவிக்க வந்தவர்கள் பலர். இது இரு தரப்புக்கும் தெரியும். தந்தை ஒருவருக்கு மட்டும் என்றால் 1,100 அதிகம், குடும்பம் முழுவதற்கும் என்றால் அதிகமில்லை என்று சொல்லித் தொகையை உறுதிப்படுத்தினார். 600 பவுண்டு சேவையில் குறைந்த மதிப்புக்கு, 500 மன வேதனைக்கு என்று ஊகமாகப் பிரித்தும் காட்டினார்.

அவர் போன வழி சட்டப்படி சரியில்லை என்று 1980-இல், அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை சொன்னது. முடிவை மட்டும் அது கவிழ்க்கவில்லை. குடும்பச் சுற்றுலா, கூட்டாக உணவுக்குச் சொல்வது, பலருக்காக டாக்சி பிடிப்பது போன்றவை தனி வகை, அவற்றைத் தனியாகத்தான் நடத்த வேண்டும் என்று ஒதுக்கிவைத்தது. தர்க்கத்தை மறுத்துவிட்டு முடிவை வைத்துக்கொள்வது நீதிமன்றங்களுக்குச் சங்கடமான வேலை. ஆனாலும் செய்தார்கள், ஏனென்றால் மறு முடிவு இன்னும் அபத்தமாக இருந்திருக்கும். பிறகு சட்டமே மாறியது. 1990-இல் ஐரோப்பியச் சமூகம் கொண்டுவந்த தொகுப்புச் சுற்றுலா நெறிமுறை, யார் பேரில் பதிவு நடந்தாலும் கூடப் போகிறவர்களையும் நுகர்வோர் என்றது. 2002-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னொரு படி போயிற்று. துருக்கியின் சீடே கடற்கரையில் பெற்றோருடன் தங்கிய பத்து வயது ஆஸ்திரியச் சிறுமி விடுதிச் சாப்பாட்டால் சால்மொனெல்லா தொற்றி, விடுமுறையின் பின்பாதி முழுவதையும் காய்ச்சலில் கழித்தாள். நோயின் வலிக்கு மட்டுமல்லாமல், போன விடுமுறையின் இன்பத்துக்கும் அவளுக்கு ஈடு உண்டு என்பது தீர்ப்பு. பணம் கட்டாத, கையெழுத்துப் போடாத ஒரு சிறுமிக்குச் சொந்தமாக ஒரு நட்டம் உண்டு என்று ஏற்கப்பட்டது.

இதுவரை நான் டென்னிங்கோடு வந்தேன். தேங்காய் எண்ணெயில் பிரிகிறேன். அவருடைய தீர்ப்பில் பூஞ்சணமும் இடைக்கதவும் தேங்காய் எண்ணெயும் ஒரே மூச்சில், ஒரே பட்டியலில் வருகின்றன. சமையலை எல்லாவற்றிலும் மோசமானதாகவே அவர் குறிப்பிடுகிறார். யாழ்ப்பாணத்திலோ நாகர்கோவிலிலோ ஒருவர் இதைப் படித்தால் முகம் சுளிப்பதா சிரிப்பதா என்று தெரியாது. ரோஷத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இந்தக் கலவை தவறு. தெரிந்தெடுக்கப் பல உணவுகள் வேண்டும் என்று அவர் எழுதிக் கேட்டார், கிடைக்கவில்லை, அது மீறல். இலங்கையில் இலங்கை எண்ணெயில் சமைத்தது மீறல் ஆகாது. அந்தத் தீவு அப்படித்தான் சமைக்கிறது, நீர்கொழும்பு முழுக்கத் தென்னை. விமானம் ஏறுவதற்கு முன்னால் யாரும் வேறுவிதமாகச் சொல்லியிருக்காவிட்டால், அது போன இடத்தின் இயல்பு. எழுத்தில் சொன்னது கிடைக்காமல் போவதற்கும், மனத்தில் நினைத்தது கிடைக்காமல் போவதற்கும் நடுவேதான் கோடு போட வேண்டும். அந்தக் கோடு இல்லாவிட்டால் நட்ட ஈடு என்பது பணம் உள்ள நாட்டுக்காரர் பணம் இல்லாத நாட்டின் மேல் எழுதும் மதிப்பெண் பட்டியலாகிவிடும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த வழக்கில் விடுதி ஒரு தரப்பே இல்லை. நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டுவிட்டதால் விடுதியின் விளக்கம் தேவைப்படவும் இல்லை. 1966-இல் ஆண்டுக்கு ஏறக்குறைய 19,000 வெளிநாட்டுப் பயணிகள் வந்துபோன தீவு அது. அந்த ஆண்டுதான் சுற்றுலா வாரியமே சட்டப்படி அமைந்தது. மறு ஆண்டு பத்தாண்டுத் திட்டம் போட்டார்கள். 1970-க்குள் வருகை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. கட்டி முடியாத விடுதியை விற்பதும், இருக்கிற விடுதிக்கு இல்லாத நீச்சல் குளத்தை விளம்பரத்தில் தோண்டுவதும் இந்த அவசரத்தில் நடந்தவை. பூஞ்சணத்துக்கு விடுதிக்காரர் பொறுப்பு, சந்தேகமில்லை. இடைக்கதவு உண்டு என்று நிறுவனம் லண்டனில் இருந்துகொண்டு சொன்னதற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? ஆகவே, "விடுதி நம் கையில் இல்லை" என்று பயண நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் எடுபடாது. விடுதி உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். விளம்பர வாசகம் உங்கள் கையில்தான் இருந்தது.

இது வசதி படைத்தவர்களின் சிணுங்கல், நீதிமன்றத்துக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கலாம். 1,200 பவுண்டு அன்றைக்குச் சின்னப் பணம் இல்லை, கேட்டவர் பணக்காரர்தான். ஆனால் அவர் வாங்கிய தீர்ப்பினால் அதிகம் பயன் அடைந்தவர்கள் அவரைப் போன்றவர்கள் இல்லை. பணக்காரருக்கு விடுமுறை கெட்டால் அடுத்த மாதம் வேறு விடுமுறை. மூன்று ஆண்டு சீட்டுக் கட்டி, பாஸ்போர்ட் எடுத்து, முதல்முறையாகப் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிற குமாஸ்தாவின் குடும்பத்துக்கு அடுத்தது எப்போது என்று தெரியாது. நட்டத்தின் பாரம் அவர்கள் மேல்தான் அதிகம் விழுகிறது.

கொஞ்சம் கனமான ஆட்சேபம், மனக்குறையை எந்தத் தராசில் நிறுப்பது என்பது. ஆளுக்கு ஆள் கூட்டிச் சொல்ல மாட்டார்களா? சொல்வார்கள். அதற்கு ஜெர்மானியர் தங்கள் பாணியில் ஒரு வழி கண்டார்கள். 1980-களில் பிராங்க்பர்ட் மாவட்ட நீதிமன்றம் ஒரு பட்டியல் வெளியிட்டது. கடல் தெரியும் அறை என்று சொல்லித் தெரியாமல் போனால் கட்டணத்தில் 5 முதல் 10 விழுக்காடு கழிவு. நீச்சல் குளம் உண்டு என்று சொல்லி இல்லாமல் போனால் 10 முதல் 20. இரவில் சத்தம் என்றால் 10 முதல் 40 வரை. கெட்டுப்போன உணவுக்கு 20 முதல் 30. ஒரே மாதிரியான சாப்பாட்டுக்கு 5. மற்ற நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனால் பேரம் பேச இரு தரப்புக்கும் ஒரு கைப்பிடி கிடைத்தது. கடல் காட்சி, நீச்சல் குளம் போன்ற இனங்களுக்கு எதிரே 'வாக்களித்திருந்தால்' என்ற நிபந்தனை உண்டு. குளம் இல்லாத விடுதி குளம் இல்லாத விடுதிதான். குளம் உண்டு என்று யாரோ சொன்ன பிறகே அது குறையாகிறது. எண்ணெயை அந்த நாட்டு எண்ணெய் என்பதற்காகக் கழிக்கும் இனம் எதுவும் அதில் இல்லை. துல்லியமான தராசு என்று இதைச் சொல்ல மாட்டேன். விபத்தில் விரல் போனவருக்கு விரலின் விலையை நீதிமன்றங்கள் சொல்கின்றன. அதைவிட இது கடினமான கணக்கு இல்லை.

நான்கு வாரமும் தங்கித்தானே வந்தார்கள், அவ்வளவு மோசம் என்றால் ஏன் திரும்பவில்லை என்றும் கேட்கிறார்கள். இப்படிக் கேட்பவர் மூன்று வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரோடு வெளிநாட்டில் மாட்டிக்கொண்டதில்லை என்று நினைக்கிறேன். திரும்பும் டிக்கெட்டின் தேதி முன்பே குறித்தாயிற்று. மாற்றினால் தனிச் செலவு. இடைக்கதவு இல்லையென்றால் ராத்திரியில் பையன் அழுகிற சத்தம் கேட்காது. கேட்டாலும் தாழ்வாரத்தில் இறங்கிச் சாவியோடு போக வேண்டும். ஆகவே ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே என்று பிரிந்து படுக்கலாம், அல்லது நால்வரும் ஒரே அறையில் நெருக்கிப் படுக்கலாம். அந்தத் தகப்பன் எழுதிக் கேட்டது ஆடம்பரப் பொருள் இல்லை, ராத்திரித் தூக்கம். பொறுத்துக்கொண்டு இருந்ததை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொண்டால், பொறுமைசாலிக்கு அபராதம் போட்டதாகும்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் இங்கிலாந்தைவிட நேர்வழியில் போயிற்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே, பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையைப் பெறுகிறவரையும் நுகர்வோர் என்று வரையறுத்துவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே வைத்திருக்கிறது. 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சை பெற்ற குழந்தையும் நுகர்வோர், சிகிச்சைக்கு அமர்த்திய பெற்றோரும் நுகர்வோர், பெற்றோரின் மன வேதனைக்குத் தனியே ஈடு உண்டு என்று சொன்னது. டென்னிங் பாதிரியாரையும் பாடகர் குழுவையும் துணைக்கழைத்துத் தேடிய இடத்துக்கு நாம் சட்டத்தின் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டோம். 2019 சட்டம் இன்னொரு வசதியும் தந்தது: புகார் செய்பவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் ஏஜென்ட் பாலியில் மோசமான அறை பிடித்துக் கொடுத்தால் திண்டுக்கல் குடும்பம் திண்டுக்கல்லிலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆனால் அங்கே எண்ணெய்க் கேள்வி நம் பக்கம் திரும்புகிறது. பாங்காக்குக்குப் போகும் நம் சைவக் குடும்பம், காய்கறிப் பொரியலில் மீன் சாறு வாடை என்று ஆணையத்துக்கு வந்தால் என்ன சொல்வது? தாய்லாந்துச் சமையலில் மீன் சாறு, நீர்கொழும்பில் தேங்காய் எண்ணெய்போல, அந்த ஊர் இயல்பு. "உணவு நமக்கு ருசி மட்டும் இல்லை, ஆசாரம், இதை எண்ணெயோடு ஒப்பிடலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆசாரம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு அவசியம் அதை எழுதி வாங்குவது. சமையல்காரரைக் கூடவே அழைத்துப்போய் மூன்று வேளையும் தென்னிந்தியச் சைவச் சாப்பாடு என்று விளம்பரம் செய்கிற டூர் நிறுவனம், மூன்றாம் நாள் ரொட்டியும் வாழைப்பழமும் நீட்டினால் அது அப்பட்டமான மீறல். பாட்டி பட்டினி கிடந்ததற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். வெறுமனே 'காலை உணவு உண்டு' என்று மட்டும் எழுதிய நிறுவனத்திடம் இட்லி கேட்டு வழக்காட முடியாது.

இப்போது முன்பதிவு பெரும்பாலும் போனில் நடக்கிறது. "எல்லாம் பாத்துக்கலாம் சார், பசங்களுக்குப் பக்கத்து ரூமே குடுத்துடுவாங்க" என்று ஏஜென்ட் வாட்ஸ்அப் குரல்பதிவில் சொல்வார். பிறகு வரும் வவுச்சரின் அடியில், பொடி எழுத்தில், இடைக்கதவுள்ள அறை இருந்தால் மட்டுமே தரப்படும், உறுதியில்லை என்று இருக்கும். என் பார்வையில் அந்தப் பொடி எழுத்து முன்னால் சொன்ன வாக்கை விழுங்க முடியாது. பதிவுப் படிவத்தில் அவசியம் என்று குறித்துக்கொண்டே கட்டணம் வாங்கியவரின் நிலைதான் அந்த ஏஜென்ட்டுக்கும். குரல்பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அறைக்குள் நுழைந்த அன்றே படம் எடுத்து, குறையை எழுதி அனுப்ப வேண்டும். சிக்கல் வேறு இடத்தில். ஒரு செயலியில் விமானம், இன்னொன்றில் அறை, மூன்றாவதில் கார் என்று தாமே கோத்துக்கொள்கிறவர்களுக்கு, முழுப் பயணத்துக்கும் வாக்குக் கொடுத்தவர் என்று ஒருவர் கிடையாது. விடுதி படம் கொடுத்தது, செயலி படத்தைக் காட்டியது, பணம் வேறு நாட்டுக் கணக்குக்குப் போனது. 2020-இல் வந்த மின்வணிக விதிகள், தளத்தில் விற்பவரின் பெயரையும் முகவரியையும் காட்டச் சொல்கின்றன, குறை கேட்க அதிகாரி ஒருவரை நியமிக்கச் சொல்கின்றன. தளம் காட்டிய நீச்சல் குளத்துக்குத் தளமே பொறுப்பு என்று அவை வெளிப்படையாகச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைச் சட்டத்தில் எழுதிச் சேர்க்க வேண்டும்.